எலுமிச்சந்தோலும் தீப்பெட்டியும்

கக்கூஸ் கதவை நான் தட்டவில்லை. குத்தினேன்.

“வெளிய வாங்க! பீடியும் கையுமா இன்னிக்கி உங்கள புடிக்கலன்னா எம்பேரு அஞ்சலாட்சி இல்ல!”

உள்ளே என் வீட்டுக்காரர் ஏழுமலை இருமிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரம். விழுப்புரம் உழவர் சந்தையிலிருந்து வந்த நான் கூடையைக்கூட இறக்கவில்லை. மேலே முருங்கைக்கீரை, அடியில் பச்சை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் தீப்பெட்டி.

அந்தத் தீப்பெட்டி அவர் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கிடைத்தது. சந்தைக்குக் கிளம்பும் முன்னாலேயே அதை வைத்து ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. அவர் வாயே திறக்கவில்லை. நான்தான் திறந்தேன், மூடவில்லை.

இருமல் நிற்கவில்லை. நடுவில் பிளாஸ்டிக் பக்கெட் உருளும் சத்தம். பிறகு பொத்தென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

“ஏங்க?”

கதவைத் தள்ளிப் பார்த்தேன். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மஸ்தான் பாய் சுவரைத் தாண்டிக் குதித்து வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். இந்த ஊரில் என் வீட்டுக்காரருக்கு இருக்கிற ஒரே கூட்டாளி. பீடி வாங்கிக் கொடுப்பது இந்த ஆள்தான் என்று நாலு வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசாத மனிதர்.

“நவுருக்கா, நவுரு!”

தோளால் இரண்டு இடி இடித்தார். மூன்றாவது இடியில் கதவு கீலோடு பெயர்ந்தது.

உள்ளேயிருந்து வந்த காற்று, மிளகாய்ப் பொடி தூவியது போலக் கண்ணை எரித்தது. கொரோனா வந்து போனதிலிருந்து என் மூக்குக்குப் பாதி வாசனைதான் தெரியும். அந்த மூக்கையே அது கிள்ளி எடுத்தது. பாய் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்து போய், அவரை அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்து வாழை மரத்தடியில் போட்டார்.

கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன. மூக்கிலும் வாயிலும் நீராக ஒழுகியது. மூச்சு உள்ளே போக வழியில்லாமல் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. என்னைப் பார்த்தார். கையைத் தூக்கி ஆட்டினார். அவர் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்தது.

“மருந்து... மருந்து...”

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா, அண்ணன் மருந்து குடிச்சிட்டாரு.”

எங்கள் பக்கத்தில் ‘மருந்து குடிச்சிட்டாரு’ என்றால் இருமல் மருந்து என்று யாரும் நினைக்க மாட்டார்கள். வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து. அந்த இரண்டு சொல்லைக் கேட்டால் தெருவே மாரில் அடித்துக்கொண்டு ஓடிவரும். எனக்குக் கைகூட எழவில்லை. காலையில் நான் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது மட்டும் காதுக்குள் கேட்டது.

“பீடி குடிச்சே செத்துத் தொலைங்க. எனக்கு இன்னா.”

பத்திரிகையில் வந்த கக்கூஸ்

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சில மாதங்களுக்கு முன் இந்தத் தொடரில் ஒரு வாரம் முழுக்க என் கக்கூஸைப் பற்றியே எழுதினேன். கடைச் சரக்கு ஒரு சொட்டு இல்லாமல், சமையல்கட்டில் இருப்பதை வைத்தே அதைப் பளிச்சென்று வைத்திருப்பது எப்படி என்று. நான் எழுதியதிலேயே அதிகமாகக் கடிதம் வந்தது அதற்குத்தான். என் கல்யாணத்தைப் பற்றி எழுதிய வாரம் ஒருவரும் மூச்சு விடவில்லை.

முறை இதுதான். எலுமிச்சந்தோல், சாத்துக்குடித் தோல், வெல்லம், தண்ணீர். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூன்று மாதம் மூடி வைக்க வேண்டும். நடுநடுவே மூடியைத் திறந்து காற்று விட வேண்டும். எங்கள் ஜில்லாவில் ‘ஊறல்’ என்று சத்தமாகச் சொன்னால் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று போலீஸ் வந்து நிற்கும். அதனால் நான் அதற்கு வைத்த பேர் ‘தோல் தண்ணி’. சனிக்கிழமை சாயங்காலம் அதைப் பீங்கானில் ஊற்றி ஊற விடுவேன். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வந்து, கல்லுப்பும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்ப்பேன். அவ்வளவுதான்.

தோல் கொண்டுவந்து தருவது அவர் வேலை. பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் சொல்லிவைத்து, வாரா வாரம் வண்டியில் பை நிறையக் கட்டிக்கொண்டு வருவார். ஈ மொய்த்துக்கொண்டே கூட வரும்.

திண்டிவனத்தில் வாடகைக்கு இருந்தவரை தோல் தண்ணியால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பிரம்மதேசத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் பஞ்சாயத்துத் தண்ணி டேங்க் ஆபரேட்டர். நான் சத்துணவில் வேலை. இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு, என் அப்பா கொடுத்த மனையில் வீட்டைக் கட்டிக்கொண்டு நாலு வருஷத்துக்கு முன் விழுப்புரம் வந்தோம்.

இங்கே போர் தண்ணீர் ஒரே உப்பு. வந்த ஒரு மாதத்துக்குள் பீங்கான் மஞ்சளாகிவிட்டது. தோல் தண்ணியை ஊற்றினேன், அசையவில்லை. இன்னும் ஊற்றினேன். மணிக்கட்டு வீங்கும்வரை தேய்த்தேன்.

“ஒன் தோல் தண்ணிக்கெல்லாம் இந்த ஊரு உப்பு மசியாது, அஞ்சல” என்றார் அவர் ஒரு நாள். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து வந்து நாரை எடுத்துக்கொண்டு போனால், கறை பாதியாகக் குறைந்திருந்தது. அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. அதற்கடுத்து, தேய்ப்பதற்கே எனக்கு வேலையில்லை.

“பாத்தீங்களா!” என்றேன், இடுப்பில் கைவைத்துக்கொண்டு.

“பாத்தேன், பாத்தேன்” என்று இருமிக்கொண்டே சொன்னார்.

கலர் பாட்டில்

ஒரு கக்கூஸுக்கு எதற்கு இவ்வளவு வீம்பு என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு.

மகள் கலைவாணி தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த காலம். அப்போது திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு ஆள் மூன்று சக்கர சைக்கிளில் “ஆசிட்டே... பினாயிலே...” என்று கூவிக்கொண்டு வருவான். அவனிடம் தனி பாட்டில் எல்லாம் கிடையாது. காலியான கலர் சோடா பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பான். நான் வாங்கிக் குழாயடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், குழந்தை பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறது. மூடி கீழே கிடக்கிறது. எங்கிருந்து வந்தாரோ தெரியாது, அவர் பாய்ந்து தட்டிவிட்டார். பாட்டில் உடைந்து அவர் வலது பாதத்தில் கொட்டியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, மேலே முடி முளைக்காமல், வழவழவென்று.

அன்றைக்குச் சொன்னேன். “ஆசிட்டு, பினாயிலு, பவுடரு, எந்தக் கருமமும் இனிமே இந்த வூட்டு வாசப்படி தாண்டக் கூடாது. தாண்டினா நான் இங்க இருக்க மாட்டேன்.”

பாதத்தில் கட்டுப் போட்டுக்கொண்டே “சரி” என்றார்.

நான் சேர்த்த சாட்சிகள்

பீடி விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஒரு காலத்தில் கட்டுக் கட்டாகக் குடித்தவர்தான். கலைவாணி பிறந்த அன்றைக்கு, குழந்தையை வாங்கிய கையோடு, “இந்தக் கொயந்த தலமேல சத்தியமா இனிமே தொட மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கி எறிந்தார். தொடவும் இல்லை.

விழுப்புரம் வந்த பிறகு இருமல் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து வந்தால் கண் சிவந்திருக்கும். கொல்லையில் ஊதுபத்தி வாசனை வரும். கக்கூஸுக்கு எவனாவது ஊதுபத்தி ஏற்றுவானா? வாசனையை மறைக்கத்தானே ஏற்றுவான்? போதாததற்குச் சட்டைப் பையில் தீப்பெட்டி. போலீஸ்காரனுக்குக்கூட இவ்வளவு சாட்சி கிடைக்காது.

“பீடி குடிக்கிறீங்களா?” என்று நேராகவே கேட்டிருக்கிறேன், பல தடவை.

“வுடு அஞ்சல” என்பார். அவ்வளவுதான். இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இல்லை என்று சொல்லாதவர் குடிக்கிறவர்தானே? பெற்ற பெண் தலைமேல் பண்ணின சத்தியத்தை மீறிய மனுஷன் என்று நானே தீர்ப்பு எழுதி, நாலு வருஷமாக அந்தத் தீர்ப்பை வாரா வாரம் அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் சண்டை கூடியதற்குக் காரணம் இந்தப் பத்திரிகைதான். கடிதங்கள் வந்த சந்தோஷத்தில், என் கக்கூஸைப் படம் எடுக்க ஞாயிறு மத்தியானம் ஆள் அனுப்புவதாகப் போன் வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், எப்போதும் ஊற்றுவதைப் போல இரண்டு மடங்கு தோல் தண்ணி ஊற்றினேன். அது போதாதென்று ஒரு பை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விட்டேன். மளிகைக் கடையில் வினிகர் பாட்டில் இரண்டு வாங்கி அதையும் கவிழ்த்தேன்.

அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “போட்டோவுல மஞ்சக் கறை வந்தா மானம் போயிடும்” என்றேன். தலையை ஆட்டினார்.

முண்டியம்பாக்கம் போகிற வழி

பாயின் ஆட்டோவில் அவர் தலை என் மடியில். ஹாரனில் வைத்த கையை பாய் எடுக்கவே இல்லை.

“அண்ணே, கண்ண மூடாத! அக்கா, பேச்சு குடுத்துக்கினே வா. ஜல்தி போயிடலாம்.”

நான் என்ன பேச்சுக் கொடுப்பேன்? “எந்த மருந்துங்க? எங்க வாங்கினீங்க? நான் சும்மா கோவத்துல சொன்னதுங்க அது” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் ஒற்றை விரலைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினார். எனக்கு அது போய் வருகிறேன் என்று சொல்வதாகப் பட்டது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

கலைவாணி திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். “அப்பா மருந்து குடிச்சிட்டாருடி” என்று என் வாயாலேயே சொன்னேன்.

“நீ இன்னாம்மா சொன்ன அவர?” என்று கேட்டாள். எந்த மருந்து, எப்போது என்றெல்லாம் கேட்கவில்லை. இதைத்தான் முதலில் கேட்டாள்.

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவர், “இன்னா கேஸு?” என்றார்.

“மருந்து குடிச்ச கேஸுங்க” என்றார் பாய்.

“இன்னா மருந்து? பாட்டில் எடுத்தாந்தீங்களா?”

பாட்டிலைத் தேட வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், “வூட்ல எதுனா சண்டையாம்மா?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றேன். “நான்தான்.”

டேங்க் மருந்து

டாக்டர் என் மகள் வயதுப் பெண். குனிந்து அவர் வாயருகே முகர்ந்து பார்த்தார். பிறகு சட்டையை முகர்ந்தார். முகம் மாறியது.

“பூச்சி மருந்து வாசனை இல்லையே இது. ஐயா, எதையாவது குடிச்சீங்களா?”

அவர் இல்லை என்று ஒற்றை விரலை ஆட்டினார். அதே விரல், அதே ஆட்டல். ஆட்டோவில் அவர் சொல்லிக்கொண்டே வந்தது இதைத்தான்.

“பீடி குடிச்சாருங்க” என்று நான் குறுக்கே விழுந்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான்.

அதற்கும் இல்லை என்று தலையாட்டினார். நாலு வருஷத்தில் முதல் முறை.

“பின்ன மருந்து மருந்துன்னீங்களாமே, எந்த மருந்து?”

அதற்குள் முகத்தில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் மூடியைக் கொஞ்சம் விலக்கினார். “டேங்க்... டேங்க் மருந்து.”

டாக்டருக்குப் புரியவில்லை. பாய்க்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

கிராமத்தில் குடிதண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலப்பதை ‘மருந்து போடுறது’ என்றுதான் சொல்வார்கள். அவர் முப்பது வருஷம் அந்த மருந்து போட்டவர். பக்கெட்டில் கரைத்து, தெளிய வைத்து, தெளிவை மட்டும் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுவார். “இன்னா ஏழுமல, தண்ணி மருந்து வாட அடிக்குது” என்று குடத்தோடு நிற்கும் பெண்கள் சலித்துக்கொண்டால், “அடிக்கட்டும், வாந்தி பேதி வராதில்ல” என்பார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் சுத்தம் என்றால் அது அந்த வெள்ளைத் தூள்தான். கல்யாணமான புதிதில் அவர் சட்டையில் எப்போதும் அடித்த வாசனை அது. மூக்கு பாதி செத்துப்போன எனக்குக் காலையில் அது அடையாளம் தெரியவில்லை.

“பிளீச்சிங் பவுடருங்க டாக்டர்” என்றேன்.

“அது மேல வேற என்ன ஊத்துனாரு?”

“நான் ஒண்ணும் ஊத்தல டாக்டரு” என்றார் அவர். என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று விட்டத்தைப் பார்த்தார். அந்த நிலைமையிலும் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை பாருங்கள்.

“நான் ஊத்தினேன்” என்றேன். “எலுமிச்சந்தோல் தண்ணி. எலுமிச்சஞ் சாறு. வினிகரு.”

டாக்டர் நிமிர்ந்தார்.

“பிளீச்சிங் பவுடர் மேல புளிப்பு எது பட்டாலும் குளோரின் வாயு கிளம்பும்மா. எலுமிச்சை, வினிகர், கடையில விக்கிற டாய்லெட் ஆசிட், எதுவா இருந்தாலும் அதேதான். கதவு சாத்துன சின்ன ரூம்ல அது ஆளையே கொன்னுடும். இவருக்கு நுரையீரல் புண்ணாகியிருக்கு. இதுக்கு முன்னாடி இருமல் இருந்துச்சா? எத்தனை நாளா?”

“நாலு வருஷமா” என்று சொல்ல ஆரம்பித்தேன். “ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம...”

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாயில் இருந்த சொல் என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. நான் சந்தைக்குப் போகிற நாள். கறை போகிற நாள். கண் சிவக்கிற நாள். ஊதுபத்தி ஏற்றுகிற நாள். அட பாவி, அஞ்சலாட்சி! அந்த ஊதுபத்தி மறைத்தது பீடி வாசனையை இல்லை. தீப்பெட்டியும் அதை ஏற்றத்தான்.

நான் சந்தைக்குப் போன பிறகு, எங்கேயோ (போர் மோட்டார் பெட்டிக்குள் என்று பிறகு தெரிந்தது) ஒளித்து வைத்த பவுடர் டப்பாவை எடுத்து, அக்கம்பக்கம் யாரும் பார்த்துவிடாமல் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, என் தோல் தண்ணி மேலேயே மருந்தைத் தூவி, இருமிக்கொண்டே தேய்த்திருக்கிறார். அந்தத் தோலையும் ஜூஸ் கடையிலிருந்து சுமந்து வந்தது அவர்தான்.

அப்போது என் கைப்பையில் போன் அதிர்ந்தது. பத்திரிகையிலிருந்து வந்த புகைப்படக்காரர். வீட்டில் யாரும் இல்லாததால், பாயின் மனைவியிடம் கேட்டுக் கொல்லைப் பக்கம் போய்ப் படம் எடுத்துவிட்டாராம். அதற்குள் காற்றெல்லாம் கலைந்து போயிருந்ததால் அவர் தப்பித்தார். படத்தை எனக்கே அனுப்பியிருந்தார். பெயர்ந்த கதவுக்குப் பின்னால், என் வாழ்க்கையில் நான் பார்த்திராத வெள்ளையில், பால் மாதிரி ஒரு பீங்கான்.

‘சூப்பர்மா! என்ன போட்டீங்க?’ என்று கீழே எழுதியிருந்தார்.

ஒரு வார்த்தை

மூன்றாம் நாள் மூடியை எடுத்துவிட்டு மூக்குக் குழாய் வைத்தார்கள். இரண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள். கலைவாணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாய் வீட்டிலிருந்து கஞ்சி வந்திருந்தது. பீடி கொடுக்கிறவர் என்று நான் நினைத்த அந்த மனுஷன் மூன்று நாளாக ஆட்டோவை ஓட்டாமல் ஆஸ்பத்திரி மரத்தடியிலேயே கிடந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

“பீடி குடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?” என்று கேட்டேன். கேட்கும்போதே கோபம் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். “நாலு வருசமா உங்கள நாயி மாதிரி திட்டிக்கினு இருந்தேனே. வாய்ல இன்னா கொழுக்கட்டையா இருந்துச்சி?”

“சொன்னா...” மூச்சு வாங்கினார். “பின்ன எதுக்கு இருமல்னு கேப்ப. உள்ள வந்து பாப்ப. டப்பாவப் பாத்தா பெட்டியக் கட்டிக்கினு கெளம்பிடுவ.”

“அதுக்காக?”

“திட்டு வாங்குறது ஈஸி, அஞ்சல.” கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். “ஒன் தோல் தண்ணி வேல செய்யலன்னு தெரிஞ்சா நீ சோறு துண்ண மாட்ட. ஒம் பேரு வேற பொஸ்தகத்துல வந்துடிச்சி.”

கலைவாணி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் அவர் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தழும்பு இருக்கிற பாதம்.

கெடாரிலிருந்து வந்த கடிதம்

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

கக்கூஸ் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் ஒன்று கெடாரிலிருந்து. ‘அம்மா, நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் சேர்த்தால் இன்னும் நன்றாக வருகிறது’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். இயற்கை முறையில் பவுடரைக் கொண்டுவந்து கலக்கிறாளே என்று எரிச்சலோடு அதை மடித்து வைத்தேன். பதில் போடவில்லை. எரிச்சல்தான் பட்டேன், பயப்படத் தெரியவில்லை.

கடிதத்தின் கீழே போன் நம்பர் இருந்தது. பாயின் மனைவிக்குப் போன் செய்து, கடிதக் கட்டைத் தேடி எடுத்து நம்பரைப் படிக்கச் சொன்னேன். எண்ணை அழுத்தினேன். அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

“யாருங்க?”

“நான் அஞ்சலாட்சிம்மா. பத்திரிகையில கக்கூஸு பத்தி எழுதினேனே.”

“அய்ய, அம்மாவா! நம்பவே முடியலம்மா. இப்பத்தான் நம்ம தண்ணிய ஊத்தி ஊற வெச்சிட்டு வந்து ஒக்காந்தேன்” என்றாள் சந்தோஷமாக. சொல்லிவிட்டு இருமினாள்.

“பவுடர் போட்டியா?”

“இனிமேதாம்மா போடணும்.”

“போடாத!” ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். “போடாதடி கண்ணு. ஜென்மத்துக்கும் போடாத. கதவத் தொறந்து வுடு, தண்ணிய ஊத்திக் கழுவு. எம் புருசன் இங்க குழாய் வெச்சிக்கினு படுத்திருக்காரு.”

அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தமும் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டன. பிறகு, “எம் பொண்ணுக்கும் இருமல் இருக்குதும்மா” என்றாள் மெதுவாக. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன். போனாள்.

போன் போட நம்பர் எழுதியவள் ஒருத்தி. எழுதாதவர்கள் எத்தனை பேரோ எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்த வாரம் நான் எழுத நினைத்த வேறொன்றை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். தோல் தண்ணி ஊற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது தனியாகத்தான் இருக்க வேண்டும். அதன் மேல் பிளீச்சிங் பவுடரோ, கடையில் வாங்கும் வேறெதுவோ ஒரு சிட்டிகை, ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பவுடர் போடுகிற வீட்டில் புளிப்பு எதையும் ஊற்றாதீர்கள். முக்கியமாக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எதையும் ஊற்றாதீர்கள்.

மஞ்சள்

இப்போது எங்கள் கக்கூஸ் மஞ்சளாக இருக்கிறது. கதவு புதிது, உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நான் தேய்க்கிறேன். வெறும் கல்லுப்பும் நாரும்தான். டிரம்மை வாழை மரத்தடியில் கவிழ்த்துவிட்டேன். அவர் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, “அந்த மூலைய வுட்டுட்டியே” என்று மேஸ்திரி வேலை பார்க்கிறார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறது. அது முழுசாகப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளைப் படத்தைப் போட வேண்டாம் என்று பத்திரிகைக்குச் சொல்லிவிட்டேன். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மஞ்சளைப் போடுங்கள்.

அவருக்கு மூச்சுக்கு ஒரு பம்ப் கொடுத்திருக்கிறார்கள். காலையில் இரண்டு தடவை உறிஞ்ச வேண்டும். மறந்துவிடுவார், நான்தான் நினைவுபடுத்த வேண்டும்.

“மருந்து எடுத்துக்கினீங்களா?”

“எந்த மருந்து?” என்று கேட்பார்.

என்னைச் சிரிக்க வைக்கத்தான் கேட்கிறார். தினமும் கேட்கிறார். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.